அக்காவின் பைண்டுகளும் என் கடல் புறாவும்

சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஐந்து குடித்தனம். கிணறு ஒன்று, குழாய் ஒன்று, வாசல் ஒன்று. அதே மாதிரி குமுதம் ஒன்று, கல்கி ஒன்று, ஆனந்த விகடன் ஒன்று. காசை ஐந்து வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். படிப்பதற்கு ஒரு வரிசை இருந்தது. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை. முதலில் திண்ணையில் உட்காரும் ஆண்கள். பிறகு காலேஜ் போகும் பையன்கள். பிறகு மத்தியான வேலை முடிந்த மாமிகள். கடைசியில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கள். என் அக்கா அந்தக் கடைசி வரிசை.

கடைசியாகப் படிப்பவருக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. அதற்குமேல் அந்த இதழ் யாருக்கும் வேண்டாம். பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

அக்கா அப்படித்தான் பைண்டு செய்ய ஆரம்பித்தாள். ஒரு தொடர்கதை முடியும் வரை வாரா வாரம் பக்கங்களைச் சேர்த்து, ஒன்றுக்கும் விடுபடாமல் அடுக்கி, கோணி ஊசியால் மூன்று துளை போட்டு, தடித்த நூலால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டுவாள். எழுபது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணிலும் நாலு கிடந்திருக்கும். கதைக்கு நடுவே பாதி நகைச்சுவைத் துணுக்கு, பாதி கூந்தல் தைல விளம்பரம், பக்கத்தின் பின்புறம் வேறு ஒரு கதையின் நடுப்பகுதி என்று எல்லாம் சேர்ந்தே வரும்.

இந்தப் பைண்டுகளில் இருந்த காதல் கதைகள், ராஜா ராணிக் கதைகள் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஒத்திப் போட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

பெண்கள் நாவல் படிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சு எங்கள் காலத்தில் தோன்றியது அல்ல. 1900-களின் தொடக்கத்திலிருந்தே அந்தப் புலம்பல் இருந்திருக்கிறது. அப்போது நாவல் என்றால் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார். முதலியார் ரெயினால்ட்ஸ் போன்ற இங்கிலாந்து நாவலாசிரியர்களின் கதைகளைத் தமிழ் மண்ணுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஐயங்காரின் ‘மேனகா’ 1935-ல் சினிமாவாகவும் வந்தது. துப்பறிதல், மாறுவேடம், கடத்தல், கடைசியில் காதலர்கள் சேர்தல் என்று எல்லாம் கலந்த கதம்பம். இந்தக் காலத்து வாசிப்பைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்று ஒரு நல்ல புத்தகம் எழுதியிருக்கிறார். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் போய், ஒருவரே மௌனமாகத் தனக்குள் படிக்கும் வழக்கத்தை நாவல் எப்படிக் கொண்டுவந்தது என்று அதில் படித்தபோது எனக்கு அக்காதான் ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு பெண் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் தெரியாத எதையோ மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் பெரியவர்களை உறுத்தியிருக்க வேண்டும். கதை நல்லதா கெட்டதா என்பது அப்புறம்தான்.

அம்மா தலைமுறைக்கு வை.மு. கோதைநாயகி. மயிலாப்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், திருவல்லிக்கேணியில் இருந்தவர். ஐந்து வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போகாத படிப்பு. தன் முதல் படைப்பைத் தோழி ஒருத்தியிடம் சொல்லி எழுத வைத்தவர் அவர். 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல் எழுதினார். 1932-ல் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். ஆனால் அம்மாவிடம் கேட்டால் ஜெயில் விஷயமெல்லாம் தெரியாது. “கோதைநாயகி கதையில கடைசியில எல்லாம் சரியாப் போயிடும்டா” என்பாள். அம்மாவுக்கு அது போதும்.

கல்கிக்கு வருவோம். இங்கே எனக்கு ஒரு கட்சி உண்டு; மறைக்கவில்லை. நம்மிடம் மாயாஜாலக் கதை மரபு தனியாக வளரவில்லை என்று இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிறு வயதில் வடபழனியிலிருந்து வந்த அம்புலிமாமா இருந்தது. 1947-லிருந்து வந்த பத்திரிகை. சங்கர் வரைந்த அந்த விக்கிரமாதித்தன், வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் படத்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். மீசை முளைத்ததும் அம்புலிமாமாவைக் கீழே வைத்துவிட்டோம். அந்த ஆசை எங்கே போயிற்று? நேரே சோழ நாட்டுக்குத்தான் போயிற்று.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954-ல் முடிந்தது. டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியரின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் லண்டனில் வெளிவந்ததும் அதே 1954-ல். ஒருவருக்கு இன்னொருவரைத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் இல்லாத ஒரு நாட்டை வரைபடம் போட்டு உண்டாக்கினார். கல்கி இருந்த நாட்டையே எடுத்துக்கொண்டார். நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’, சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்வெட்டு எங்கே மௌனமாகிறதோ அங்கே நந்தினியையும் பூங்குழலியையும் ஆழ்வார்க்கடியானையும் உட்கார வைத்தார். வந்தியத்தேவன் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவன் என்ற அளவில்தான் வருகிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் ஒரு துடுக்குப் பையனை உண்டாக்கினார். எனக்கு அதில் அலெக்சாண்டர் டூமாவின் வாசனை அடிக்கும், அடித்தால் என்ன? (அந்த வீராணம் ஏரித் தண்ணீரைத்தான் 2004-லிருந்து நாம் சென்னையில் குழாயில் பிடிக்கிறோம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.)

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் முதலிய சகோதரர்கள் பெயர் இருக்கிறது. உத்தம சோழருக்குப் பங்கு உண்டு என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். கல்கியோ விளக்கை அணைத்துவிட்டு, கடம்பூர் மாளிகை இருட்டில் நம்மை நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டு வாசலில் இதற்கு ஆளுக்கொரு தீர்ப்பு. ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார் சாட்சிகளை வரிசைப்படுத்தி வழக்கு நடத்துவார். முடிந்த விதம் பிடிக்காமல் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. அந்த டிசம்பர் 5-ம் தேதி அவர் காலமானார். 55 வயது. சாகித்திய அகாதெமி 1956-ல் விருது கொடுத்தது ‘அலை ஓசை’க்கு. ஜனங்கள் விருது கொடுத்தது இதற்கு.

கல்கி பற்றி என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. நாலாம் பாகத்தில் கதை உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது. கடம்பூரில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதைச் சொன்னால் மயிலாப்பூரில் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கல்கியை வீட்டில் எல்லோரும் படிக்கலாம். குமுதம் அப்படியில்லை, சாண்டில்யன் இருந்தார்.

பாஷ்யம் ஐயங்கார் என்ற சாண்டில்யன் (1910–1987) சுதேசமித்திரனில் வேலை பார்த்த பத்திரிகைக்காரர். தியாகராய நகரில் கல்கியும் வெ. சாமிநாத சர்மாவும் அவருக்கு அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். அவருடைய ஆரம்பக் கதைகளைக் கல்கிதான் விகடனில் போட்டார். பின்னால் குமுதத்தில் ‘கன்னி மாடம்’, ‘யவன ராணி’, ‘கடல் புறா’ என்று வாரா வாரம் எங்களைக் கட்டிப் போட்டார். அப்பா குமுதம் வந்ததும் படித்துவிட்டு, பீரோ மேலே போட்டுவிடுவார். அங்கேதான் அது பத்திரமாக இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அரிசி டின் மேல் முக்காலி வைத்து அக்கா ஏறுவாள். நான் கீழே முக்காலியைப் பிடித்துக்கொள்வேன். கூலியாக எனக்கும் அரை மணி நேரம் கிடைக்கும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தக் காலத்தில் அந்த வர்ணனைகள் லேசுப்பட்டவை அல்ல. கதாநாயகி ஒரு மண்டபத்துக்குள் நடந்து வந்து நிற்பதற்குள் ஒன்றரைப் பக்கம் ஆகிவிடும். ஒரு வாக்கியம் தொடங்கி, கூந்தலில் புகுந்து, கழுத்தில் இறங்கி, இடையில் தயங்கி, கொலுசில் வந்து முற்றுப்புள்ளி பெறும். கூடவே ஓவியர் லதாவின் படம் வேறு. குமுதத்தை விரித்த பக்கத்தில் அப்பா வந்துவிட்டால் சட்டென்று ஆறு வித்தியாசங்கள் பக்கத்துக்குப் போய்விடுவோம்.

ஆனால் சாண்டில்யன் வர்ணனையால் மட்டும் ஜெயித்தவர் இல்லை. ‘கடல் புறா’வின் விதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். கலிங்கத்தை வென்றவன். அவன் இளமையில் என்ன செய்துகொண்டிருந்தான்? தெரியாது. சாண்டில்யன் அவனைக் கடலில் இறக்கினார். கடாரம், ஸ்ரீவிஜயம், அட்சய முனை, கடற்கொள்ளைக்காரர்கள், புறா வடிவத்தில் ஒரு போர்க்கப்பல். காற்று எந்தப் பக்கம், பாய்மரத்தை எப்படித் திருப்புவது, தீ அம்பு எப்போது விடுவது என்று அவர் எழுதிய கடற்போர்களைப் படித்துவிட்டு, நான் சாந்தோம் கடற்கரையில் நின்று கட்டுமரங்களை எண்ணிக்கொண்டிருப்பேன். மலேசியாவில் கெடா என்று ஒரு மாநிலம் இருப்பதும், அதுதான் கடாரம் என்பதும் எனக்குப் பூகோளப் பாடத்தில் கிடைத்த செய்தி அல்ல. மூன்று பாகங்களில் முதல் பாகம்தான் உயர்ந்தது என்பேன். மூன்றாவதில் கப்பல் ஓடுகிறது, கதை ஓடவில்லை. முழுசாகப் பார்த்தால் ‘யவன ராணி’ இதைவிடக் கட்டுக்கோப்பானது. இளஞ்செழியனுக்கும் அந்த ராணிக்கும் இடையில் உள்ள இழுபறியில் உண்மையான வலி ஒன்று இருக்கிறது.

அக்காவுக்குச் சாண்டில்யன் மேல் பெரிய மரியாதை கிடையாது. முக்காலியில் ஏறிப் படிப்பாள். இறங்கி வந்து திட்டுவாள். “ஏண்டா, இந்த ராஜகுமாரிகளுக்கெல்லாம் காஞ்ச புடவையே கிடையாதா? ஒண்ணு மழையில நனையறாங்க, இல்லேன்னா ஆத்துல விழறாங்க!” என்று ஒரு நாள் கேட்டாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அவளுக்குப் பிடித்தது பூங்குழலி. குந்தவை இல்லை, வானதி இல்லை. கோடிக்கரையில் தனியாகப் படகு விடுகிற பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைக்கப்பட்டவளுக்கு, லஸ் வரைக்கும் போவதற்கே என்னையோ தம்பியையோ துணைக்கு அனுப்புவார்கள். அவளுக்கு ஏன் பூங்குழலியைப் பிடித்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அக்கா பைண்டு செய்தவை பெரும்பாலும் வேறு வகை. லக்ஷ்மியின் கதைகள், அநுத்தமா, நா. பார்த்தசாரதி. லக்ஷ்மி என்ற திரிபுரசுந்தரி டாக்டருக்குப் படித்தவர். படிப்புச் செலவுக்காகவே விகடனில் எழுதத் தொடங்கியவர். அவர் கதாநாயகிகள் அழுவார்கள்தான். ஆனால் அழுதுகொண்டே வேலைக்குப் போவார்கள். அவருடைய ‘பெண் மனம்’தான் 1963-ல் சிவாஜி, சரோஜாதேவி நடித்து ‘இருவர் உள்ளம்’ ஆயிற்று. பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் இருந்து திரும்பி வந்த பிறகு 1984-ல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நா.பா., மணிவண்ணன் என்ற பெயரில் கல்கியில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ வந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. அரவிந்தன், பூரணி என்று குழந்தைகளுக்குப் பெயர் வைத்த குடும்பங்கள் எத்தனையோ. பின்னால் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, 2021-ல் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின்தான் அரவிந்தன். கடைசியில் அரவிந்தன் விஷக் காய்ச்சலில் இறந்து போகிறான். அந்த வாரம் எங்கள் வீட்டில் கல்கி ஐந்து குடித்தனமும் சுற்றி முடிப்பதற்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் அழுதுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பைண்டு செய்யும்போது பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதி வைப்பாள். யாருக்கும் காட்ட மாட்டாள். நான் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறேன். நாலைந்துதான் நினைவில் நிற்கிறது. ‘குறிஞ்சி மலர்’ கடைசிப் பக்கத்தில், “அரவிந்தனைக் கொன்றால்தான் பூரணி பெரியவளா?” லக்ஷ்மி கதை ஒன்றில், “இவள் அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும்.” நந்தினி வரும் ஓர் அத்தியாயத்தில், “இவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டார்களா?”

அந்தப் ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு அக்கா செய்தது அல்ல. பின்கட்டு மாமி 1950-லிருந்து வாரா வாரம் சேர்த்துச் செய்தது. மணியம் வரைந்த படங்கள் எல்லாம் அச்சு வாசனையோடு இருந்தன. மாமி பம்பாய்க்குக் குடிபோனபோது, “இதை நீதான் ஒழுங்கா வெச்சுப்பே” என்று அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கல்கி பத்திரிகை பிற்பாடு அந்தக் கதையை மறுபடி மறுபடி தொடராகப் போட்டது. வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். என் கண்ணுக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் போட்டவன்தான்.

அக்காவுக்கு 1967-ல் கல்யாணமாகித் திருச்சிக்குப் போனாள். பைண்டுகள் பரணிலேயே இருந்தன. மாமியார் வீட்டுக்குக் கதைப் புத்தகங்களோடு போகக்கூடாது என்று அம்மா சொன்னதாக ஞாபகம்.

அதற்குப் பிறகு வாடகை நூலகக் காலம். லாயிட்ஸ் ரோட்டில் 1955-லிருந்து இருக்கும் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியைச் சென்னைவாசிகள் எல்லோருக்கும் தெரியும். அது தவிர, மாம்பலத்திலும் மந்தைவெளியிலும் அடையாறிலும் தெருவுக்கு ஒன்று இருந்தது. ஒரு சின்ன அறை, நாலு இரும்பு அலமாரி, மூக்குக் கண்ணாடியோடு ஓர் ஆள், பெரிய நோட்டு. சைக்கிளில் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு வீடு வீடாக வரும் சர்க்குலேஷன் பையன்களும் உண்டு. என் மனைவி அந்த நூலகங்களின் நிரந்தர உறுப்பினர். எழுபதுகளிலிருந்து ஒரே பெயர்தான்: ரமணிசந்திரன். மாலைமதி, ராணி முத்து, கண்மணி என்று பத்திரிகைக் கடையில் தொங்கிய மாத நாவல்கள் ஒரு பக்கம். ராயப்பேட்டை அருணோதயம் வெளியிட்ட புத்தகங்கள் இன்னொரு பக்கம். 150-க்கும் மேல் நாவல்கள். ‘வெண்மையில் எத்தனை நிறங்கள்’, ‘வைரமலர்’ எல்லாம் நூலகத்தில் வந்த வேகத்தில் போய்விடும். முன்பதிவு செய்து காத்திருப்பார்கள்.

நான் கிண்டல் செய்வேன். உயரமான பணக்காரக் கதாநாயகன், அவனுக்கு ஒரு தப்பபிப்பிராயம், பெண்ணுக்கு ரோஷம், முன்னூறாவது பக்கத்தில் சமாதானம். “அட்டையை மாத்தினா அடுத்த கதை” என்பேன். ஆபீஸிலும் இதே பேச்சு. நாங்கள் ஆண்கள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சாண்டில்யனைப் பற்றி, அது ஏதோ சரித்திர ஆராய்ச்சி மாதிரி, விவாதிப்போம். பக்கத்து மேஜைப் பெண்கள் ரமணிசந்திரனைப் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் மறைத்து வைத்திருப்பார்கள்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கடல் புறாவின் இளைய பல்லவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் உயரம். அவனும் தோற்காதவன். ஒரு பக்கம் கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி, இன்னொரு பக்கம் மஞ்சளழகி. இருவரையும் விட மனசில்லாமல் மூன்று பாகம் ஓட்டுகிறான். ஒரு பையன் கனவு காண்கிற பெண்கள் அவர்கள். ரமணிசந்திரனின் கதாநாயகன் ஒரு பெண் கனவு காண்கிற ஆண். முதலில் முரட்டுத்தனமாக இருந்தாலும், கடைசியில் தன் தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பவன். மன்னிப்புக் கேட்கிற புருஷனை எங்கள் தெருவில் எத்தனை பெண்கள் நேரில் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், எது அதிகப்படியான மாயாஜாலம் என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. எங்களுடையதற்குக் குலோத்துங்கன் பெயரை ஒட்டிச் சரித்திர நாவல் என்றோம். அவர்களுடையதைப் பொம்பளைக் கதை என்றோம். க.நா.சு. போன்ற விமர்சகர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கல்கியையே அவர்கள் இலக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வகையில் அவர்கள் நியாயஸ்தர்கள்.

இரண்டும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. சாண்டில்யனிடம் கடல் இருக்கிறது, ஊர் இருக்கிறது, போர் இருக்கிறது. ரமணிசந்திரனை இரண்டு மூன்று படித்தேன். அந்தப் பங்களா எந்தத் தெருவில் இருக்கிறது, அந்த ஆள் என்ன தொழில் செய்து சம்பாதித்தான் என்று எனக்குக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அத்தனை பக்கத்திலும் ஒரு பெண்ணைக் கூசச் செய்யும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இனி ஒத்திப்போட்ட விஷயம். 1983-ல் எங்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதாக முடிவாயிற்று. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். புது இடத்தில் பரண் கிடையாது. பரணில் இருந்ததை எல்லாம் இறக்கினேன். பித்தளைப் பாத்திரங்கள் ஒரு பக்கம். அக்காவின் பைண்டுகள் இருபதுக்கு மேல் இருந்திருக்கும், ஒரு பக்கம். தியாகராய நகர் தீனதயாளு தெரு வானதி பதிப்பகத்தில் நான் என் சம்பளத்தில் வாங்கிய ‘கடல் புறா’ மூன்று பாகம், ‘யவன ராணி’ இரண்டு பாகம், இன்னொரு பக்கம். வாசலில் பழைய பேப்பர்க்காரர் தராசோடு நின்றார். வானதிப் புத்தகங்களை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். பைண்டுகளை எடைக்குப் போட்டேன். பின்கட்டு மாமியின் பொன்னியின் செல்வனும் அதில் போயிற்று. அந்த ஆள் எடைக்கல்லைச் சரிபார்த்துக்கொண்டே, “இதெல்லாம் கிழிசல் சார், பொட்டலம் கட்டத்தான் ஆவும்” என்று விலையில் கொஞ்சம் குறைத்தார். நான் பேரம்கூடப் பேசவில்லை.

அடுத்த கோடை விடுமுறைக்கு வந்தபோது அக்கா கேட்டாள். கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு லஸ்ஸில் நடைபாதை ஆழ்வார் கடையில் பல நாள் தேடியிருக்கிறேன். பழைய பைண்டுகள் சில கிடைத்தன, எங்களுடையது கிடைக்குமா? தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு முறை போனேன். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள், பத்திரிகைகள், நோட்டீஸ்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் 1994-ல் சென்னையில் நூலகம் ஆயின. மற்றவர்கள் எடைக்குப் போட்டதை ஒருவர் எடை பார்க்காமல் வாங்கி வைத்திருக்கிறார். ஆக, அச்சடித்த பக்கம் எங்காவது கிடைத்துவிடும். 1999-ல் கல்கி நூற்றாண்டை ஒட்டி அவர் நூல்கள் நாட்டுடைமை ஆன பிறகு பொன்னியின் செல்வன் கிடைக்காத கடையே கிடையாது. பென்சிலில் எழுதினது எந்த நூலகத்தில் இருக்கும்?

அக்கா இப்போது அடையாறு இந்திரா நகரில் மகனோடு இருக்கிறாள். எண்பது வயது. 2022-ல் மணிரத்னத்தின் படம் வந்தபோது அவளை அழைத்துக்கொண்டு போனேன். 1958-ல் எம்.ஜி.ஆர். எடுக்கப்போவதாக அறிவித்த படம். அக்கா அறுபத்து நாலு வருஷம் காத்திருந்து பார்த்தாள். அடுத்த ஏப்ரலில் இரண்டாம் பாகமும் பார்த்தோம். வெளியே வந்ததும், “பூங்குழலிக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம். போகட்டும். மணிமேகலை எங்கேடா? ஆளையே காணோமே?” என்றாள். கதையையே அந்தப் பெண்ணின் மரணத்தோடுதான் கல்கி முடிக்கிறார். படத்தில் அவள் இல்லவே இல்லை. பக்கத்தில் நடந்த இரண்டு இளம் பெண்கள் நின்று, “யாரு பாட்டி மணிமேகலை?” என்று கேட்க, தியேட்டர் படிக்கட்டிலேயே கால் மணி நேரம் கதை நடந்தது.

கண்ணில் இரண்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் அதிக நேரம் படிக்க முடிவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். ரமணிசந்திரன் இரண்டு முடித்தோம். போன மாதம் அவளே, “உன் கடல் புறாவை எடுத்துட்டு வாயேன், கேட்போம்” என்றாள். வானதியின் அந்தப் பழைய முதல் பாகத்தைக் கொண்டுபோனேன். பைண்டிங் விட்டுப்போயிருந்தது, தாள் பழுப்பு. கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எடைக்குப் போட்டதைச் சொன்னேன்.

“தெரியும்டா” என்றாள். “அன்னிக்கே தெரியும். இந்தப் புஸ்தகமெல்லாம் உன் அலமாரியில அப்படியே இருந்துதே. நம்ம வீட்டுக் கரையானுக்குச் சாண்டில்யன் மட்டும் பிடிக்காதா என்ன?”

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

“சரி, படி” என்றாள். படித்தேன். நாலாவது பக்கத்தில் காஞ்சனா தேவியோ யாரோ உள்ளே நுழையப் போகிற இடம் வந்தது. கையைத் தூக்கி நிறுத்தினாள். “அவ வந்து நிக்கிற வரைக்கும் தாண்டிடு. கப்பல் வந்ததும் சொல்லு.”